சமுதாயக் கூடத்துக்கு ஏசியா, கழிவறையா? யோசனை சொல்லுங்கள்

வாய்க்கால்கரை

வணக்கம். வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். ஊர் நடுவில் ஊராட்சிச் சமுதாயக் கூடம் ஒன்று இருக்கிறது, 1990களின் கடைசியில் கட்டியது. 60 அடிக்கு 30 அடி ஹால், ஒரு மேடை, மேடையை ஒட்டி மணமகள் அறை என்று எழுதிய சின்ன ரூம். பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சமையல் கொட்டகை இருந்தது, 2018 நவம்பர் 16 கஜா புயலில் அது மொத்தமாகப் போனது, அதற்கப்புறம் யாரும் திரும்பக் கட்டவில்லை. மேல்தளம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. உள்ளே மைக் வைத்துப் பேசினால் எதிரொலியில் ஒரு வார்த்தை புரியாது. கழிவறை என்று ஒரு கட்டிடம் நிற்கிறது, கதவும் இல்லை, தண்ணீரும் இல்லை.

இப்போது ஊர் இளைஞர்களும் வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மாரும் சேர்ந்து வசூல் செய்து கூடத்தைப் புதுப்பிக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். முதல் திட்டம் இது: ஹால் முழுக்க ஏசி, ஃபால்ஸ் சீலிங், முன்னால் பெரிய வளைவு, தரைக்கு கிரானைட். கல்யாணத்துக்கு டவுன் மண்டபத்துக்குப் போகத் தேவையில்லாமல் செய்ய வேண்டும் என்பது எல்லோருடைய ஆசையும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அந்தக் கூடம் வருடத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கிறது, ஏசி போட்டால் மட்டும் திறந்துவிடுமா என்று ஒரு கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் ஊரில் இப்படிச் செய்தவர்கள், கட்டிட வேலை தெரிந்தவர்கள், எங்கள் ஊர்க்காரர்கள், எல்லோரும் சொல்லுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைக்க வேண்டும், அதற்குள் ஒரு தெளிவு வேண்டும்.

கடல்தாண்டி

தம்பி, நானும் இந்த ஊர்தான், சிங்கப்பூரில் இருக்கிறேன். ஏசி யோசனையை முதலில் சொன்னதே நான்தான், அதனால் காரணத்தையும் நானே சொல்கிறேன். என் தங்கை கல்யாணத்துக்கு டவுனில் மண்டபம் பிடித்தோம். வாடகை ஒரு பக்கம், கரண்ட் தனி, ஜெனரேட்டர் தனி, பாத்திரம் தனி, கூட்டிப் பெருக்குவதற்குத் தனி. ஊரிலிருந்து சனங்களை அழைத்துப் போக வேன் வேறு. வயதானவர்கள் பாதிப் பேர் வரவே இல்லை. அந்த வாடகைக்காகக் கடன் வாங்கும் குடும்பம் நம் ஊரில் எத்தனை இருக்கிறது என்று உனக்கே தெரியும். ஊர்க் கூடம் பார்க்க நன்றாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் மறுக்க மாட்டார்கள். "கூடத்தில் கல்யாணமா" என்று முகம் சுளிக்கிற நிலைமை மாற வேண்டும், அதற்குத்தான் வளைவும் கிரானைட்டும். இதை ஆடம்பரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பழைய_ஓவர்சியர்

தம்பிகளுக்கு வணக்கம். ஊரக வளர்ச்சித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிக் கூடங்கள் நிறைய கட்டியும் பார்த்திருக்கிறேன், இடிந்ததும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒழுகுகிற தளத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போடவே போடாதீர்கள். ஒழுகல் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டே இருக்கும், என்றாவது ஒரு நாள் சீலிங்கோடு சேர்ந்து கான்கிரீட் துண்டு பந்தியில் விழும். கடல் பக்கத்து ஊர் என்கிறீர்கள், உப்புக்காற்று. அந்தக் காலத்தில் மணல் எங்கிருந்து வந்தது என்பதும் கேள்விதான். உப்பு கலந்த மணல் என்றால் கம்பி வெளியிலிருந்து நனையாமலே துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் மூடியிருக்கிற கான்கிரீட்டை வெடிக்க வைக்கும்.

முதல் வேலை இது. ஒரு ஆள் சுத்தியலை எடுத்துக்கொண்டு தளத்தின் அடிப்பக்கம், பீம், சன்ஷேட் எல்லாம் தட்டிக்கொண்டே போகட்டும். கணீர் என்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்கிற இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அங்கே உதிர்கிற கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி கணிசமாகத் தின்னப்பட்டிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். அதைப் பொறியாளர் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், மேஸ்திரி சொன்னார் என்று செய்யக் கூடாது.

மேலே பழைய சுண்ணாம்பு ஜல்லித் தளம் விரிசல் விட்டிருந்தால் பெயர்த்துவிட்டு, வாட்டம் சரியாகக் கொடுத்து, தட்டு ஓடு பதித்து, மேலே வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு அடியுங்கள். மழைநீர் இறங்குகிற குழாய் வாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒழுகல் கேசில் பாதிக்குப் பாதி அரச மரக் கன்று முளைத்து அடைத்த குழாய்தான் காரணம்.

இதெல்லாம் முடிந்தபின் பணம் மிச்சம் இருந்தால் மற்றதைப் பேசலாம்.

வாய்க்கால்கரை

ஐயா, மிக்க நன்றி. மேடைக்கு மேலே ஒரு இடத்தில் கம்பி வெளியே தெரிகிறது, துருவும் இருக்கிறது. இந்த வாரமே தட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

குழு_அக்கா

நான் மகளிர் குழுவில் கணக்கு பார்ப்பவள், ஊர் வேறு, ஆனால் மாவட்டம் இதே மாவட்டம்தான். கல்யாணத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஒரு ஊரில் முகூர்த்த நாளில் எத்தனை கல்யாணம் நடக்கும்? மார்கழியில் கிடையாது, ஆடியில் கிடையாது, புரட்டாசியில் பலர் வைப்பதில்லை. மீதி மாதங்களிலும் நல்ல முகூர்த்தம் சில நாட்கள்தான். மற்ற நாளெல்லாம் அந்தக் கட்டிடம் யாருக்கு? எங்கள் குழுக் கூட்டம் கோயில் திண்ணையில் நடக்கிறது, மழை வந்தால் கலைந்துவிடுகிறோம். அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வரும் சகோதரிக்கு வயதானவர்களை உட்கார வைக்க ஒரு நிழல் கிடையாது. வங்கிக்காரர் வந்து கடன் முகாம் போட்டால் மரத்தடி. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் வீட்டில் டிவி சத்தத்தில் படிக்க முடியாமல் பஸ் ஸ்டாப் விளக்கில் உட்காருகிறார்கள். ஊர் நடுவில் இவ்வளவு பெரிய ஹால் பூட்டிக் கிடக்கிறது.

இதற்கெல்லாம் ஏசி வேண்டாம். பெண்களுக்குப் பூட்டக்கூடிய கதவோடு, தண்ணீரோடு, விளக்கோடு கழிவறை வேண்டும். நாப்கின் போட மூடி வைத்த தொட்டி வேண்டும். அது இல்லாத இடத்தில் எந்தப் பெண்ணும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டாள், கூட்டம் என்றாலும் சரி, கல்யாணம் என்றாலும் சரி. கல்யாணத்துக்கு வந்த பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். சிங்கப்பூர் அண்ணன் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பதைச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா முதலில் கேட்பது பாத்ரூம் எங்கே என்றுதான் அண்ணே.

அப்புறம் சமையல் கொட்டகை. தயவுசெய்து ஒரு சமையல் மாஸ்டரையும், பாத்திரம் கழுவுகிற இரண்டு பெண்களையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். கோட்டை அடுப்பு எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், அண்டாவை இறக்கி வைக்கத் திண்ணை எவ்வளவு உயரம், சாதம் வடித்த கஞ்சி எங்கே ஓடும், எச்சில் இலை எங்கே போகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் புதிதாகக் கட்டிய சமையலறைக் கதவு வழியாக அண்டா நுழையவில்லை, கதவைப் பெயர்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள்.

கடல்தாண்டி

அக்கா சொல்வது சரி. கழிவறையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டையும் செய்யலாம் என்றுதான் நினைத்தேன்.

திண்ணைப்பேச்சு

இரண்டையும் செய்யப் பணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் ஊரில் வளைவு கட்டியதோடு வசூல் தீர்ந்துவிட்டது. வளைவு நிற்கிறது, உள்ளே குழாய் இல்லை.

செம்மண்கோடு

கட்டிடக்கலை படிக்கிறேன். ஏசி பற்றி ஒரு கணக்கு மட்டும். 1800 சதுர அடி ஹால், 300 பேர் உட்கார்ந்தால் அந்த 300 உடம்பிலிருந்து வரும் சூட்டை எடுக்கவே 10 டன்னுக்கு மேல் வேண்டும். தளத்தின் சூடு, கதவு திறந்து மூடுவது எல்லாம் சேர்த்தால் 15 முதல் 20 டன். அதாவது 2 டன் ஏசி பத்து. எல்லாம் ஓடினால் 20 கிலோவாட் பக்கம் இழுக்கும். அந்த லோடுக்கு இணைப்பை மாற்ற வேண்டும், ஓடாத மாதத்திலும் அந்த லோடுக்கான நிலைக்கட்டணம் கட்ட வேண்டும். யார் கட்டுவார்கள்? உப்புக்காற்றில் வெளி யூனிட்டின் சுருள் சீக்கிரம் அரித்துப்போகும் என்பதும் உண்டு.

சூட்டைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. ஓவர்சியர் ஐயா சொன்ன வெள்ளைப் பூச்சு முதல் படி. இந்தக் கூடங்களில் சுவருக்கு மேல் பகுதியில் வெண்டிலேட்டர் இருக்கும், புறா வருகிறது என்று அதைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள், உங்கள் ஊரிலும் பாருங்கள். அதைத் திறந்து கம்பி வலை போடுங்கள், சூடான காற்று மேலே ஏறி வெளியே போகும். தெற்கு, மேற்குப் பக்கம் வெளியே நல்ல தாழ்வாரம் இறக்கினால் சுவர் சூடேறாது, மழைக்காலத்தில் பந்திக்கும் அந்த இடம் உதவும். கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் செங்கல்லைத் துவாரம் விட்டு அடுக்கி ஜாலிச் சுவர் கட்டியது இதே காற்றோட்டத்துக்காகத்தான். சமையல் கொட்டகைக்கு அப்படி ஒரு சுவர் அருமையாக இருக்கும், புகையும் நிற்காது. மின்விசிறி பழையது ஒவ்வொன்றும் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி விசிறி 30 வாட் பக்கம்தான். 20 விசிறி என்றால் 1500 வாட்டுக்குப் பதில் 600.

எதிரொலிக்குக் காரணம் நாலு பக்கமும் வழவழப்பான சிமெண்ட் சுவர், தரை, தளம். கிரானைட் போட்டால் இன்னும் கூடும். பின் சுவரிலும் மேடைக்கு எதிரே உள்ள இடங்களிலும் மரச்சட்டத்தில் தென்னை நார் பாயைச் சற்று இடைவெளி விட்டு அடியுங்கள், சத்தம் அதில் அடங்கும். ஊரில் கிடைக்கிற பொருள். இரண்டு பெரிய பாக்ஸ் வைப்பதை விட்டுவிட்டு ஹால் நெடுகச் சின்ன ஸ்பீக்கர்கள் ஆறு மாட்டினால் குறைந்த சத்தத்திலேயே எல்லோருக்கும் கேட்கும்.

தெற்குத்தெரு

எல்லோரும் சுவரைப் பற்றியும் தளத்தைப் பற்றியும் பேசுகிறீர்கள். நான் சாவியைப் பற்றிப் பேச வேண்டும். இதே ஊர்தான் நான், தெற்குத் தெரு. தொடங்கிய தம்பிக்கு என்னைத் தெரியும்.

இந்தக் கூடம் அரசுப் பணத்தில் கட்டியது. எங்கள் தெருவிலிருந்து ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து அங்கே நடந்ததாக யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம். யாரும் நேருக்கு நேர் "உங்களுக்குக் கிடையாது" என்று சொல்வதில்லை. "அந்த நாள் வேறு ஒருத்தர் கேட்டிருக்கிறார்", "சாவி வைத்திருப்பவர் வெளியூர் போயிருக்கிறார்", "தளம் ஒழுகுது, எதுக்கு ரிஸ்க்" என்பார்கள். அதே நாளில் கூடம் பூட்டியே இருக்கும். என் அக்கா கல்யாணம் வீட்டு வாசலில் சாமியானா போட்டு நடந்தது, மழையில் பாதிப் பந்தி நின்றது, கூடம் நானூறு அடி தூரத்தில் காலியாக இருந்தது.

அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு, அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடத்தைச் சாதியைக் காட்டி மறுக்கக் கூடாது என்கிறது. 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கி எத்தனையோ காலம் ஆகிறது, 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்ட இதை எழுதவில்லை. வசூலுக்கு எங்கள் தெருவுக்கும் நோட்டு வந்தது, நாங்களும் கொடுக்கத் தயார். திறக்காத கதவுக்குக் கிரானைட் போட நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் திட்டத்தைப் பேசுங்கள்.

மேலவீதி

தம்பி, இதை இங்கே பேச வேண்டாமே. ஊரில் யாரும் அப்படி நினைப்பதில்லை. உங்களுக்கென்று அந்தப் பக்கம் ஒரு சின்னக் கூடம் அரசு கட்டிக் கொடுத்திருக்கிறது அல்லவா?

தெற்குத்தெரு

ஐயா, அந்தச் சின்னக் கூடத்தில் ஐம்பது பேர் உட்கார முடியாது, அதுவும் இப்போது அங்கன்வாடி சாமான் வைக்கிற இடம். ஊராட்சிக் கூடம் ஊராட்சி முழுவதற்கும்தான். தனியாக ஒன்று இருக்கிறது என்பதே பொதுவானதை மறுப்பதற்குக் காரணமாகிவிடுகிறது, அதைத்தான் சொல்கிறேன்.

குழு_அக்கா

தெற்குத் தெருத் தம்பி எழுதியதற்குப் பதில் கிடைக்காமல் இந்த இழையை மேலே நகர்த்தக் கூடாது. எங்கள் ஊரில் இதே சண்டை இருந்தது. ஒரே ஒரு மாற்றம் செய்தோம். கூடத்தின் வெளிச் சுவரில் கரும்பலகை மாதிரி பெரிய பலகை, அதில் மாதத் தேதிகள், எந்தத் தேதி யாருக்கு, என்ன நிகழ்ச்சி, எவ்வளவு வாடகை கட்டினார், ரசீது எண் என்ன என்று எழுதுவோம். முன்பணம் கட்டி ரசீது வாங்கியவருக்குத் தேதி, வாயால் சொன்னவருக்குக் கிடையாது. சாவி குழுவிடம், அதுவும் வெவ்வேறு தெருவில் இருவரிடம். "வேறு ஒருத்தர் கேட்டிருக்கிறார்" என்ற பேச்சு அதோடு நின்றது, காலியான தேதி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது அல்லவா. மனசு மாறியதா என்று எனக்குத் தெரியாது. கூடம் திறந்தது.

வாய்க்கால்கரை

தெற்குத்தெரு அண்ணனுக்கு. நீங்கள் எழுதியது உண்மை. மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பலகை, ரசீது, இரண்டு சாவி இந்த மூன்றும் தீர்மானத்தில் முதல் பகுதியாக வரும், கட்டிட வேலை அதற்குப் பின்னால் வரும். இந்த இரண்டையும் ஒரே தீர்மானமாக வைக்கிறேன், ஒன்றை மட்டும் நிறைவேற்றிவிட்டு மற்றதைத் தள்ளிப்போட முடியாதபடி. வசூல் கமிட்டியில் உங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் வர வேண்டும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. மேலவீதி மாமா, இதை இங்கே பேசாமல் வேறு எங்கே பேசுவது? கூடம் யாருக்கு என்பதைத் தீர்க்காமல் கூடத்தை எப்படிப் புதுப்பிப்பது?

கடல்தாண்டி

என் பங்கும் அந்த நிபந்தனையோடுதான். ஊரில் எல்லாத் தெருவுக்கும் திறக்காத கூடத்துக்கு நான் அனுப்ப மாட்டேன், இங்கே இருக்கிற நம் ஊர்ப் பையன்களிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். எங்களுக்கு இங்கே யாரும் தெரு கேட்டு வீடு தருவதில்லை.

நோட்டுப்புத்தகம்

ஒரு காலத்தில் வார்டு உறுப்பினராக இருந்தவன். பண விஷயமும் காகித விஷயமும் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல திட்டங்கள் நின்றுபோவது இங்கேதான்.

வசூல் பணத்தை நேரே மேஸ்திரி கையில் கொடுத்து அரசுக் கட்டிடத்தில் கை வைக்க முடியாது. நாளைக்கு ஒருத்தர் மனு போட்டால் வேலை பாதியில் நிற்கும். முதலில் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் அந்தக் கட்டிடமும் இடமும் எப்படிப் பதிவாகி இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். உங்கள் வசூலுக்கு இதுதான் சரியான வழி, ஒரு ரூபாய்க்கு மூன்று ரூபாய் வேலை நடக்கும். கழிவறை, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் இவற்றைத் தனி மதிப்பீடாகப் பிரியுங்கள். 15வது நிதிக்குழு 2021-26க்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டுப்பட்டது. அந்தத் தலைப்பில் செலவாகாமல் ஏதாவது இருக்கிறதா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, ஒரு தொகுதி முழுக்கப் பங்கு போட வேண்டும். கேளுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

2025 ஜனவரியோடு உங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. 2022க்குப் பிறகு வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3000 வரை என்றால் 100 பேர் வர வேண்டும், 3001 முதல் 10000 வரை என்றால் 200 பேர். அது குறைந்தால் தீர்மானம் செல்லாது. ஆட்களைக் கூட்டி வாருங்கள், குறிப்பாகப் பெண்களை. கையெழுத்துப் போடும் முன் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னது ஒன்று, எழுதியது வேறொன்று என்று ஆவது சகஜம்.

இன்னொன்று. வாடகை, முன்பணம், சுத்தம் செய்யும் கட்டணம், ஏழைக் குடும்பத்துக்குச் சலுகை, கூட்டத்துக்கும் படிப்புக்கும் இலவசம், இதெல்லாம் தீர்மானத்தில் வர வேண்டும். வாடகைப் பணம் ஊராட்சிக் கணக்குக்குப் போகும், அதிலிருந்து பராமரிப்புக்கு எவ்வளவு என்று அப்போதே எழுதி வையுங்கள். புதுக் கட்டிடத்துக்கு எல்லோரும் பணம் தருவார்கள், ஐந்து வருடம் கழித்து உடைந்த குழாய்க்கு யாரும் தர மாட்டார்கள்.

அப்பாவுக்காக

பெரிய விஷயங்களுக்கு நடுவில் ஒரு வேண்டுகோள். என் அப்பாவுக்குப் பக்கவாதம், சக்கர நாற்காலி. சொந்தத் தம்பி மகள் கல்யாணத்தை வாசலில் இருந்து பார்த்தார், படி ஏற்ற நாலு பேரைக் கூப்பிட அவருக்கு மனசு வரவில்லை. சாய்தளம் கட்டுங்கள், அதைப் பெயருக்குக் கட்டாதீர்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். உங்கள் கூடத்தின் தரை இரண்டரை அடி உயரம் என்றால் 30 அடி. பல இடத்தில் எட்டடியில் முடித்துவிடுகிறார்கள், அதில் நாற்காலி ஏறாது, இறங்கும்போது ஆள் கீழே விழுவார். நாலடி அகலம், இரண்டு பக்கமும் பிடி, வழுக்காத தரை. கழிவறையில் ஒன்றாவது உட்காரும் கோப்பை, கதவு மூன்றடிக்குக் குறையாமல், உள்ளே பிடிகம்பி. மேடைக்கும் ஒரு சாய்தளம் வைத்தால் மணமக்களை வாழ்த்த என் அப்பா போன்றவர்களும் மேலே போகலாம்.

பழைய_ஓவர்சியர்

இந்தத் தம்பி சொன்ன அளவு சரியான அளவு. 30 அடிக்கு நேராக இடம் இல்லாவிட்டால் நடுவில் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். சரிவைக் கூட்டாதீர்கள்.

செப்டிக் டேங்க் பற்றியும் சொல்ல வேண்டும். டெல்டாவில் ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் கைக்கு எட்டுகிற ஆழத்தில் நிற்கும். கழிவுநீரை மண்ணில் ஊற விடும் இரட்டை உறைகுழி அங்கே சரிவராது, நீர் உள்ளே புகுந்து எல்லாம் மேலே வரும், பக்கத்து அடிபம்பும் கெடும். அடி கான்கிரீட் போட்டு ஒழுகாத தொட்டியாகக் கட்டுங்கள், கழிவறைத் தரையை வெள்ள மட்டத்துக்கு மேலே தூக்குங்கள், லாரி வந்து உறிஞ்சுவதற்குப் பாதை விடுங்கள்.

உளுந்துக்கொல்லை

கஜா அன்று இரவு நான் அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மரம் விழுந்து ரோடு அடைத்து, கரண்ட் வாரக்கணக்கில் வரவில்லை, போன் சார்ஜ் போட வழியில்லாமல் வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல முடியவில்லை. அதனால் உங்கள் கூடத்தைப் புயலுக்கு ஒதுங்கும் இடமாகவும் நினைத்துக் கட்டுங்கள். சோலார் போடுவதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கரண்டுக் கம்பியோடு மட்டும் இணைத்த சோலார், லைன் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். புயல் நாளில் உதவ வேண்டுமானால் பேட்டரி வேண்டும். 3 கிலோவாட் போட்டால் நல்ல வெயிலில் ஒரு நாளைக்குப் 12 யூனிட் பக்கம் கிடைக்கும், புயலுக்கு மறுநாள் மேகத்தில் அவ்வளவு வராது, இருந்தாலும் விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் போதும். பேனலைக் காற்றுக்குத் தாங்குகிற மாதிரி தளத்தில் போல்ட் அடித்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே பறந்துபோய் யார் தலையிலாவது விழும். சமையல் கொட்டகைக்கு மறுபடியும் ஆஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம், உடைந்த துண்டு கத்தி மாதிரி பறந்தது. கான்கிரீட் தளமே போடுங்கள்.

அறுவடை நேரத்தில் மழை வந்தால் நெல் மூட்டையைக் கூடத்தில் அடுக்குகிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது, ஒரு வருடப் பாடு அது. வெளித் தாழ்வாரத்தைக் கொஞ்சம் அகலமாக இறக்கிவிட்டால் மூட்டை அங்கே நிற்கும், ஹால் தரையும் கதவும் தப்பிக்கும்.

வாய்க்கால்கரை

எல்லோருக்கும் நன்றி. ஊரில் உட்கார்ந்து பேசி இப்போதைக்கு வந்திருக்கிற வரிசையைச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

தளம், பீம் பழுது முதலில். அதோடு சேர்ந்து ஆண், பெண் கழிவறைகள், தண்ணீர்த் தொட்டி, சாய்தளம். இது முதல் மதிப்பீடு, இதில் தண்ணீர், கழிவறைப் பகுதி தனியாக. இரண்டாவதாகச் சமையலறை, தாழ்வாரம், வெண்டிலேட்டர், விசிறி. பேட்டரியோடு சோலார் மூன்றாவது. வளைவும் கிரானைட்டும் இப்போது இல்லை, அதற்குப் பதில் சுவருக்கு நல்ல வண்ணம், முன்னால் தரையைச் சமன் செய்து பந்தல் போடக் குழி வைத்த இடம். ஏசி மணமகள் அறைக்கு மட்டும் ஒன்று, கடல்தாண்டி அண்ணன் அதைத் தன் செலவில் தருகிறார், மருத்துவ முகாம் நாளில் அதே அறை பரிசோதனை அறை. சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் கூடம் திறந்திருக்கும், திறந்து மூடுகிற பொறுப்பைக் குழுவில் இருக்கும் இரண்டு அக்காமார் எடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு மாதம் ஒரு தொகை வாடகைப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பதும் தீர்மானத்தில் இருக்கும். சும்மா உழைக்கச் சொல்லப் போவதில்லை.

தேதிப் பலகை நேற்றே எழுதி மாட்டிவிட்டோம், வேலை தொடங்கும் வரை காத்திருக்கவில்லை.

தெற்குத்தெரு

பலகையைப் பார்த்தேன். ஆவணியில் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு இருக்கிறது. நாளைக்கு முன்பணம் கட்ட வருகிறோம், ரசீதுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது?

வாய்க்கால்கரை

குழுவின் செயலாளர் அக்காவிடம். காலை பத்து மணிக்குக் கூடத்திலேயே இருப்பார் அண்ணே. ஓவர்சியர் ஐயா, தட்டிப் பார்த்தாயிற்று, மேடைக்கு மேல் பீமில் மூன்று இடம் பொத்தென்று கேட்கிறது, ஹால் நடுவில் பரவாயில்லை. வளைகாப்புக்கு மேடையை விட்டுவிட்டு ஹாலை மட்டும் கொடுக்கலாமா?

பழைய_ஓவர்சியர்

பொறியாளர் வந்து பார்க்கும் வரை மேடைக்குக் கயிறு கட்டி ஆள் போகாமல் தடுங்கள், பீமுக்கு அடியில் இரண்டு இரும்பு முட்டுக் கொடுங்கள். ஹாலையும் அவர் பார்த்து எழுத்தில் சொன்ன பிறகே கொடுங்கள், ஆவணிக்கு முன் அதற்கு நேரம் இருக்கிறது. படம் எடுத்துப் போடுங்கள், கம்பி எவ்வளவு போயிருக்கிறது என்று நானும் பார்க்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் அந்த ஒரு வேலையையாவது முடித்துவிடுங்கள்.